பட்டியலில் இருந்த வாளி

"ஆஸ்பத்திரியில என்னை அண்ணின்னு கூப்பிடாதே, இல்டா."

"பின்ன எப்படிக் கூப்பிட?"

"எல்லாரும் கூப்பிடற மாதிரிதான். நர்ஸம்மான்னு."

"ராத்திரி என் அடுப்படியில சூப் குடிக்கறப்போ?"

"அது வீடு. இது வேற."

இரண்டு வருடங்களுக்கு முன், இல்டா வேலைக்குச் சேர்ந்த நாளில், போர்ட்டோ நகரப் பேருந்து நிறுத்தத்தில் நடந்த பேச்சு இது. இல்டா அன்று சிரித்துவிட்டுத் தலையாட்டினாள். அண்ணன் ஆபெலின் மனைவி லியோனோர் படித்தவள், நுரையீரல் வார்டில் நர்ஸ். இல்டா அதே வார்டில் தரை துடைப்பவள், அதுவும் ஒப்பந்தக்காரரின் ஆள். ஒரே வீட்டின் கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் வசித்த இருவரும், ஆஸ்பத்திரி வாசலில் ஆளுக்கொரு கதவாகப் பிரிந்தார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் இல்டா ஓட்டமாக வீட்டுக்கு வருவாள். லியோனோரின் ஏழு மாதக் குழந்தை டொமே அவள் காலடிச் சத்தத்துக்கே கைகளை நீட்டுவான். மாலைவரை அவன் அவளுடையவன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லாம் மாறியது. ஏழாம் எண் அறையில் இரண்டு வாரமாகச் சளிக்காய்ச்சல் என்று படுத்திருந்த கல்குவாரித் தொழிலாளி பெல்மீரோவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. இருமி இருமிக் களைத்த அந்த மனிதருக்கு இல்டாதான் தினமும் தலையணையை நிமிர்த்தி வைத்தாள். அவர் கொடுத்த பிஸ்கட்டைக்கூட மறுக்காமல் தின்றாள்.

அன்று மாலை லியோனோர் வந்ததும் வராததுமாக, குழந்தையை இல்டாவின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாளைக்கு இவனைத் தூக்காதே. இவனுக்கு இன்னும் காசநோய்த் தடுப்பூசிகூடப் போடல."

"நீங்களும்தானே அண்ணி அந்த ரூமுக்குப் போனீங்க?"

"எனக்குச் சோதனைக்கு ரத்தம் எடுத்துட்டாங்க. எட்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை எடுப்பாங்க. உனக்கு யாரு எடுத்தா?"

ஆபெல் சூப்புக் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சண்டை போடாம சாப்பிடுங்களேன்," என்றான். யாரும் சண்டை போடவில்லை. குழந்தைதான் அத்தையைப் பார்த்து அழுதது. மறுநாள் முதல் அவனை லியோனோரின் அக்கா வீட்டில் விட்டார்கள்.

அதற்குப் பிறகு இல்டாவால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ராத்திரி லேசாகத் தொண்டை கரகரத்தாலும் எழுந்து கண்ணாடி முன் நின்றாள். தன்னையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லி, ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஓடெட்டிடம் போனாள்.

"ஆஸ்பத்திரிக்காரங்க எழுதிக் கேட்டா அனுப்பறேன். நானா எப்படி அனுப்பறது? ஏன், இருமறியா? இருமினா நாளைக்கு வராதே."

ஊழியர் மருத்துவ அறைக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் கணினியைப் பார்த்தார். "வார்டுல இருந்து வந்த பட்டியல்ல உங்க பேரு இல்லம்மா. பட்டியல் எழுதினவங்களக் கேளுங்க."

பட்டியல் எழுதியவள் லியோனோர்.

அவள் வேண்டுமென்றே விட்டாள் என்று சொல்ல முடியாது. பணி அட்டவணையை எடுத்து வைத்து, டாக்டர், நர்ஸ், உதவியாளர் என்று வரிசையாகப் பெயர்களை இறக்கினாள். துடைப்பவர்கள் அந்த அட்டவணையில் எப்போதுமே இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து டொமேயை இல்டாவின் மடியில் பார்த்த பிறகுதான் விட்டுப்போன பெயர் நினைவுக்கு வந்தது. மறுநாளே சேர்த்திருக்கலாம். 'அவள் உனக்கு யார்?' என்று தலைமை நர்ஸ் கிரசியெட் கேட்டுவிட்டால்? பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக ஒன்பது நாள் போயிற்று.

இல்டாவும் கேட்கவில்லை. பேருந்தில் ஒருமுறை வாய்வரை வந்தது. படிக்கட்டில் ஒருமுறை. வீட்டு உறவை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவரமாட்டேன் என்று கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது.

வியாழக்கிழமை காலை ஏழாம் எண் அறைக் கதவில் கிருமிநீக்கப் பட்டியல் ஒட்டியிருந்தது. லியோனோரின் உருண்டையான கையெழுத்து. திரைச்சீலை இரண்டு, மெத்தை ஒன்று, நாற்காலி இரண்டு, துடைப்பான் ஒன்று, நீல வாளி ஒன்று.

இல்டா அதை இரண்டு முறை படித்தாள். நீல வாளி அவளுடையது. பிடியில் அவள் சுற்றிய துணிகூட இருந்தது.

நடைபாதையில், சோதனைப் பட்டியலில் மிச்சமிருந்தவர்களுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களிடையே ஒரே கேலி.

"டாக்டர், ஊசியப் பாத்து மயங்கிடாதீங்க, தூக்க எங்களால ஆகாது!"

"இல்டா, கொஞ்சம் தள்ளித் தொடையேன், வழுக்குது," என்றார் அந்த இளம் டாக்டர்.

லியோனோர் கடைசிப் பெயரைப் படித்து முடித்தாள்.

"அவ்வளவுதானே? யாராவது விட்டுப்போச்சா?" என்று கிரசியெட் கேட்டாள்.

லியோனோரின் பேனா காகிதத்தின் மேல் நின்றது. "இல்ல," என்றாள், தலை நிமிராமல்.

இல்டா துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள். கையுறையைக் கழற்றினாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். கேலிப் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது.

"என்னம்மா?" என்றாள் கிரசியெட்.

இல்டா அவளைப் பார்க்கவில்லை.

"அண்ணி," என்றாள். நடைபாதை முழுக்கக் கேட்டது. "என் வாளிய எழுதியிருக்கீங்க. என் பேரையும் எழுதுங்க. நான் டொமேயத் தூக்கணும்."