மலர்க்கொடிக்கு வந்த வசனம்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, கோவம் அதைவிட ஜாஸ்தி. ஆனா திருடி இல்ல. இந்த ஜனவரி ஒண்ணாந்தேதி காலையில வரைக்கும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

எங்க சபையில புதுவருஷ ஆராதனை முடிஞ்சதும் ஒரு தாம்பாளம் நெறைய வாக்குத்தத்த அட்டை சுத்தி வரும். ஒவ்வொண்ணுலயும் ஒரு வேத வசனம். கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு எடுக்கணும். கையில எது வருதோ அதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குச் சொல்ற வார்த்தை. மாத்தக் கூடாதுன்னு சண்டே ஸ்கூல் புள்ளைக்கே தெரியும்.

என் நாத்தனார் மலர்க்கொடி குமராட்சியிலேருந்து சிதம்பரத்துக்கு வரணும். அன்னைக்குன்னு பாத்து மினிபஸ் வரல. போன் பண்ணினா. "அண்ணி, என் பேரச் சொல்லி எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க."

எடுத்தேன். எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. என்னோடதைத் திருப்பிப் பாத்தா, சோறும் துணியும் இருந்தா போதும்னு இருக்கச் சொல்லி வசனம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சி. போன வருஷமும் கிட்டத்தட்ட இதேதான்! வீட்டுக்கு மாடி எடுக்கணும்னு வருஷக்கணக்கா முழங்கால் தேய நிக்கிறேன், எனக்குப் போதும்னு இருக்கச் சொல்லி பதிலா? அவளோடதைத் திருப்பினேன். பாக்கியம், நன்மைன்னு ரெண்டு வார்த்தை கண்ணுல பட்டுச்சி. மீதியை நான் சரியாக்கூடப் படிக்கல. பக்கத்துல இருந்தவங்க கண்ண மூடி ஜெபத்துல இருந்தாங்க. அவளோடது என் பைபிளுக்குள்ள போயிடுச்சி. என்னோடதை சாயந்திரம் போன் போட்டு அவளுக்கு வந்ததுன்னு படிச்சிக் காட்டினேன்.

அவ "சரிங்க அண்ணி"ன்னு வச்சிட்டா.

அப்போ எங்களுக்குள்ள ஒரு இழுபறி ஓடிக்கிட்டு இருந்துச்சி. குமராட்சியில மாமனார் பொன்னுரங்கம் விட்டுட்டுப் போன ஒரு காணி நிலத்துக்கு நல்ல வெல வந்திருந்துச்சி. பாதி எனக்கு வேணும், பொண்ணு வினோதினிய நர்சிங் சேக்கணும்னு மலர்க்கொடி கேட்டா. என் வூட்டுக்காரர் இளவரசு தர முடியாதுன்னு நின்னாரு. நானும் சும்மா இல்ல, நல்லா தூபம் போட்டேன்.

பொங்கலுக்கு மொதநாள் மலர்க்கொடி வந்தா. கையில பரங்கிக்காயும் மொச்சையும்.

"அண்ணா, எனக்குப் பங்கு வேணாம். எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லு, போடுறேன். கர்த்தர் எங்கிட்டப் பேசிட்டாரு. இருக்கிறது போதும்னு சொல்லிட்டாரு. நாந்தான் பேராசப்பட்டுட்டேன்."

"வினோதினி?"ன்னு கேட்டேன்.

"ஜவுளிக் கடையில ஆள் எடுக்குறாங்களாம் அண்ணி. போகட்டும்."

இளவரசுக்குத் தலகால் புரியல. பைபிள்லேருந்து எடுத்து ஃபிரிட்ஜ்ல என்னோடதுன்னு நான் ஒட்டி வச்சிருந்த அட்டையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "பாத்தியா பிரிசில்லா, வசனம் பலிச்சிடுச்சி!"

அப்பதான் அந்த அட்டைய நான் முழுசா படிச்சேன். உன் கை பாடுபட்டதை நீயே சாப்பிடுவ, நீ பாக்கியவதி, உனக்கு நன்மை வரும்னு இருந்துச்சி.

என் மூஞ்சி எரிஞ்சிது. மாமனார் படுத்த படுக்கையானதுக்கு அப்புறம் அந்த நெலத்துல நட்டவ அவ, களையெடுத்தவ அவ. வெள்ளத்துல வரப்பு ஒடஞ்சப்போ இடுப்பளவு தண்ணியில நின்னு அடச்சவளும் அவதான். நாங்க அறுப்புக்கு அறுப்பு நெல்லு மூட்டைய ஏத்திக்கிட்டு வர மட்டும் போவோம். சீ, என்ன ஜென்மம் நான்! ஆனா வாயத் தொறக்கல. ஊருக்கெல்லாம் பேசுற வாயி, அன்னைக்கு ஒட்டிக்கிச்சி.

பத்திரம் பதியிற அன்னைக்குக் கெளம்பும்போது ஃபிரிட்ஜ்லேருந்து அட்டையப் பிச்சிப் பையில போட்டுக்கிட்டேன். குடுக்கணும்னு எடுத்தனா, கிழிச்சிப் போடணும்னு எடுத்தனா, எனக்கே தெரியல.

ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல கூட்டம். மலர்க்கொடி நல்ல சேலை கட்டிக்கிட்டு வேப்பமரத்தடியில நின்னா. பத்திரம் எழுதுறவரு, அண்ணனுக்கு விட்டுக்குடுக்குறதாப் படிச்சிக் காட்டினாரு. எல்லாத்துக்கும் தலையாட்டினா. நான் அப்புறமா அவளுக்குக் குடுத்தனுப்பியிருந்த என்னோட அட்டைய, பிளாஸ்டிக் கவர்ல போட்டு மணிபர்சுல வச்சிருந்தா. அதத் தொட்டுப் பாத்துட்டுப் பேனாவ வாங்கினா.

"மலரு, போடாத!"

கத்திட்டேன். கூட்டமே திரும்பிச்சி. "அது உன் வசனம் இல்ல. என்னோடது. உனக்கு வந்தத நான் எடுத்துக்கிட்டேன்"ன்னு அட்டைய அவ கையில திணிச்சேன்.

இளவரசு பல்லக் கடிச்சாரு. "ஏய், புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

மலர்க்கொடி யாரையும் பாக்கல. ஒதடு அசைய மெதுவா படிச்சா. மறுபடியும் படிச்சா. அப்புறம் பேனாவ மூடி எழுதுறவருகிட்டயே குடுத்துட்டா.

"அண்ணா, எனக்குப் பாதி வேணும். வினோதினி படிக்கணும்." சத்தமே போடல.

என்னைத் திட்டுவான்னு நின்னேன். நாலு பேரு முன்னால செருப்பக் கழட்டினாக்கூட வாங்கிக்கலாம்னு நின்னேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"எடுக்கும்போது கை மாறிப்போச்சா அண்ணி? இல்ல, படிச்சிப் பாத்துட்டு மாத்தினீங்களா?"

கை மாறிப்போச்சின்னு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல மாட்டேனான்னுதான் அவளும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா.

"படிச்சிட்டுதான்"னேன்.

அவ பர்சத் தொறந்து பிளாஸ்டிக் கவர எடுத்து என் உள்ளங்கையில வச்சி, விரலெல்லாம் மடக்கி விட்டா. அவ கை பூராவும் காப்பு காச்சியிருந்துச்சி.

"இது உங்களோடது அண்ணி"ன்னு சொல்லிட்டு மினிபஸ் நிக்கிற பக்கமா நடந்தா.