பழைய பூ, புது லேபிள்

மருந்துக் கம்பெனி, மருந்துக் கம்பெனி… ஒரு தடவை சொன்னால் போதாதா நைனாவுக்கு, பால் பொங்குவதற்குள் மறுபடியும் அடுக்களைக்கு வந்து, "கனடாவுல மருந்துக் கம்பெனின்னு மட்டும் சொல்லு கண்ணு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போகிறார், கூடத்தில் பெண் பார்க்க வந்த ஹர்ஷாவும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். பூஜிதா அடுப்பைத் தணித்தாள். எதை மறைக்க? அங்கே சட்டம் அனுமதித்த தொழில், கஞ்சாப் பூவிலிருந்து பிசின் எடுப்பது, ரசாயனம் ஒரு சொட்டுக் கிடையாது, ஐஸ் தண்ணீரில் அலசி, வடிகட்டி, உலர்த்தி, சூட்டில் அழுத்துவது, அவ்வளவுதான். ரசாயனம் ஊற்றி எடுப்பவர்கள் பிறகு சுத்திகரித்துக் குறையை ஓரளவு மறைத்துவிடலாம், இதில் நடக்காது, பூவில் இல்லாததைப் பிசினில் யார் வரவழைப்பது… அறுத்தவுடன் உறையவைத்த பூ என்றால் வெண்ணெய் நிறம், எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மணம். கிடங்கில் கிடந்ததென்றால் கறுப்பு, காய்ந்த புல் நாற்றம். அந்தக் கிடங்குப் பூவைத்தானே முதலாளி கொடுத்தார், புதுப்பூ என்று லேபிள் ஒட்டச் சொன்னார், மாட்டேன் என்றாள், வேலை போனது, போகட்டுமே! தன் பீளமேட்டுப் பம்ப் பட்டறைக்கு மட்டமான இரும்பு வந்தால் நைனா லாரியோடு திருப்பி அனுப்புவார், அதற்குப் பெயர் கௌரவம், மகள் செய்தால் மட்டும் மருந்துக் கம்பெனியா?

காப்பியைக் கொடுத்தாள். "அங்க என்ன வேலைங்க அம்மணி?" என்றார் ஹர்ஷாவின் அம்மா. நைனா வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள்: "கஞ்சாப் பூவுல பிசின் எடுக்கற வேலைங்க. அங்க லைசென்ஸ் உண்டுங்க. பழைய பூவைப் புதுசுன்னு விக்கச் சொன்னாங்க, முடியாதுன்னு வந்துட்டேன்."

அந்தம்மா டம்ளரை வாயில் வைக்காமலே கீழே வைத்தார், நைனா எழுந்து வாசல் கேட் பக்கம் போய்விட்டார், சரி, முடிந்தது, போங்கள் எல்லோரும்… "ஏனுங்க, பூ பழசுன்னு எப்படிங்க கண்டுபுடிப்பீங்க?" ஹர்ஷாதான். கேலியா? இல்லை, முன்னால் சாய்ந்து உண்மையாகவே கேட்கிறான், அவன் அம்மா முறைக்கிறார், முறைக்கட்டும். "விரல்ல நசுக்கினாலே தெரியுங்க, மணம் செத்திருக்கும், எத்தனை அலசினாலும் கறுப்பாத்தான் வரும்…" சொல்லச் சொல்லக் குரல் ஏறியது, எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு இவ்வளவு சத்தம், கேட்டைப் பிடித்தபடி முதுகைக் காட்டி நிற்கும் அந்த மனிதர் இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது இதைக் கேட்டிருக்கிறாரா… அப்படியென்றால் இவ்வளவும் யாருக்குச் சொல்கிறாள்? நைனா திரும்பவில்லை. கேட்டைத் திறந்து வெளியேயும் போகவில்லை.