மூன்று தடவை கட்டிய வாடகை

எங்கள் சங்கத்தில் மூன்று மதத்தாரும் சேர்ந்தார்கள், பணம்தான் சேரவில்லை. நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலியும் கட்டிலும் இலவசமாக இரவல் தருவது எங்கள் வேலை. ஆரம்பித்த புதிதில் நன்கொடை கொட்டியது, என்னையும் சம்பளத்துக்குக் கணக்கு எழுத வைத்தார்கள். போகப் போக வரவு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

நிர்வாகிகள் மூன்று பேர். கோயில் பக்கம் மருந்துக்கடை அண்ணன், பள்ளிவாசல் பக்கம் டெய்லர் அண்ணன், சர்ச் பக்கம் டீச்சரம்மா. மூவரும் தங்கமானவர்கள். ஆனால் கூட்டத்தில் காசுப் பேச்சை எடுத்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள். உங்கள் ஆட்கள் ஏன் குறைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டதாகிவிடுமோ என்று பயம். வாடகை ஐந்து மாதம் நின்றுபோனது. என் சம்பளமும்தான். மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

கட்டட முதலாளியிடம் வாடகைக்கு அவகாசம் கேட்கப் போனேன்.

"எதுக்கும்மா? பாக்கி போக இன்னும் பத்து மாசத்துக்கும் சேர்த்து வந்தாச்சே. மூணு பேரும் தனித்தனியா வந்து கட்டினாங்க. மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாங்க. வர்ற லட்சுமியை நான் ஏன் விரட்டணும்?"

"கூடுதலா வந்ததைத் திருப்பித் தருவீங்களா?"

"மாடிக்குக் கூரை போட்டுட்டேனேம்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மாலைக் கூட்டத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். திருடிப் பிடிபட்டவர்கள்போல மூவரும் நெளிந்தார்கள். டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கியது. அண்ணன்மார் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நல்லது. என் சம்பளம்?" என்றேன்.

கைகள் விலகின.

"அது சங்கம் தர வேண்டியதும்மா," என்றார் மருந்துக்கடை அண்ணன். "நாங்க கையிலேர்ந்து கொடுத்தா நீங்க தப்பா எடுத்துக்குவீங்களோன்னு..."

வாடகை கட்டினால் தர்மம். சம்பளம் கொடுத்தால் வெறும் கொடுக்கல் வாங்கல். அதில் புண்ணியம் ஏது? ஐந்து மாதம் நான் கடன் வாங்கிச் சமைத்தது இவர்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

"தப்பா எடுத்துக்க மாட்டேண்ணே. ஆனா எனக்கு யாரும் ரகசியமா தர வேண்டாம். இப்பவே, எல்லார் முன்னாடியும் கொடுங்க. ரசீது தர்றேன்."

டீச்சரம்மா முதலில் பையைத் திறந்தார். அப்புறம் மற்ற இருவரும். யார் எவ்வளவு எடுக்கிறார் என்று அத்தனை வருஷத்தில் அன்றுதான் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

நான் எண்ணி வாங்கிக்கொண்டேன்.