கடைசி வரிசைக் கம்ப்யூட்டர்கள்

"நான் கையத் தட்டுனதும் எல்லாரும் ஒண்ணா பட்டன அமுக்கணும், ஆத்தா" என்றாள் சாராள். போடியில் சண்முகராஜின் ஏலக்காய் ஏல மண்டபத்தில், வியாபாரிகளின் நாற்காலிகளில், மாடியில் காய் தரம் பிரிக்கிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கீழே கூட்டி வந்தவள் சாராள்தான். மறுநாள் முதல் கம்ப்யூட்டரில் ஏலம். ரூட்டரும் கேபிளும் போட்டது தேனியில் அவளும் தம்பி ஜோயலும் நடத்துகிற கடை. ஆளில்லாத மண்டபத்தில் இரண்டு கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'சூப்பரா ஓடுது' என்று சொல்லியிருந்தான் ஜோயல். ஏலத்தில் என்ன, ஒவ்வொருவராக வரிசையில் நின்றா கேட்பார்கள்? எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டி மோதும்போது தாங்குகிறதா என்று பார்க்காமல் அது என்ன டெஸ்ட்?

கையைத் தட்டினாள். முன்வரிசை விலைகள் சுவரிலிருந்த பெரிய திரையில் பளிச்சென்று வந்தன. கடைசி வரிசையிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. மறுபடி தட்டினாள். அதேதான்.

"அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி, இது செத்துக் கெடக்கு" என்றாள் பின்னாலிருந்து சோணையம்மாள்.

கேபிளை மாற்றினாள், கம்ப்யூட்டரை மாற்றினாள். வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். கடைசியில் லேப்டாப்பை ரூட்டரில் சொருகி, அதன் செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். கோளாறே இல்லை. நெரிசல் வந்தால் முன்வரிசைக்கு வழி விடு, கடைசி வரிசையை நிறுத்தி வை என்று ரூட்டருக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் அக்காவும் தம்பியும் மட்டும்தான்.

"ஏலே, நீயா செஞ்ச?"

பக்கத்தில் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த ஜோயல் தரையைப் பார்த்தான். "சண்முகராஜ் அண்ணாச்சிதான் சொன்னாக, அக்கா. இப்படிச் செஞ்சு குடுத்தா கம்பம் ஆபீசு, குமுளி ஆபீசு வேலையும் நமக்குத்தான்னாக."

சீ என்று வந்தது அவளுக்கு. இத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்காவிட்டால் அறைந்தே இருப்பாள். கடைசி வரிசை யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா? தேவதானப்பட்டியிலிருந்தும் மார்க்கையன்கோட்டையிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, ரெண்டு மூட்டை எடுத்துப் போகிற சின்ன வியாபாரிகள். நாளை அவர்கள் அமுக்குவார்கள். சரக்கு கைதவறிப் போகும். கம்ப்யூட்டர் நமக்கு வராது, நம் கைதான் மந்தம் என்று தங்களையே நொந்துகொண்டு பஸ் ஏறுவார்கள். அதை நினைக்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏமாந்தோம் என்பதுகூடத் தெரியாமல் ஒருவனை ஏமாற்றுவதும் ஒரு பிழைப்பா?

சண்முகராஜ் வேட்டி நுனியைப் பிடித்தபடி வந்தார். "என்ன தாயி, முடிஞ்சதா?"

"கடைசி வரிசை வேலை செய்யல, அண்ணாச்சி. ஏன்னு உங்களுக்கே தெரியும்."

"அது கெடக்கட்டும். பின்னால உக்கார்றவுக என்னத்தப் பெரிசா எடுத்துரப் போறாக? பெரிய பார்ட்டிகளுக்குத் தடங்கல் வராம இருந்தாச் சரி. ஓகேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கெளம்பு."

சொன்னால் கம்பம், குமுளி வரைக்கும் வேலை. சொல்லாவிட்டால் இன்றோடு போடியில் அவர்கள் கடையை ஒருவரும் சீந்த மாட்டார்கள். ஜோயல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரு தடவ பாத்துருவோம். சோணையக்கா, நீங்க முன்னால வாங்க. அண்ணாச்சி, அந்த எடத்துல நீங்க உக்காருங்க."

"நானா?"

"உங்க மண்டபந்தான? உக்கார என்ன பயம்?"

பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருடைய வீறாப்பு விடவில்லை. உட்கார்ந்தார்.

சாராள் கையைத் தட்டினாள். பெண்கள் மளமளவென்று விலையை ஏற்றினார்கள். சண்முகராஜ் ஒரு விரலால் அலட்சியமாக அமுக்கினார். திரையில் வரவில்லை. மறுபடி அமுக்கினார். தான் செய்யச் சொன்னதுதான் என்றாலும், தன் விலை ஏறாமல் கிடப்பதை அந்த மனுஷனால் பார்க்க முடியவில்லை. முகம் சிவந்துவிட்டது. வாயால் ஏலம் கேட்ட காலத்தில் தெருமுனை வரைக்கும் எட்டுகிற குரல் அவருக்கு. அது தன்னால் கிளம்பியது.

"அறுநூத்தி அம்பது! ஏய், அறுநூத்தி அம்பது கேக்குறேன்ல!"

அறுநூற்று நாற்பதுக்கு ஏலம் சோணையம்மாள் பெயரில் முடிந்தது.

"இப்ப ஓகேன்னு சொல்லவா, அண்ணாச்சி?" என்றாள் சாராள்.

அவர் காதில் விழவில்லை. திரையை முறைத்தபடி, அந்தப் பட்டனைக் கட்டைவிரலால் குத்திக்கொண்டே இருந்தார்.