ஜும்ரியின் கட்டைவிரல்

ஜும்ரியின் வலது கையை ரம்பம் தின்றபோது இரைச்சல்கூட மாறவில்லை. ரத்தம் என் முகத்தில் அடித்த பிறகுதான் சுவிட்சை அணைத்தேன். நடு மூன்று விரல்கள் மரத்தூளில் கிடந்தன. கட்டைவிரல் தோலில் தொங்கியது. மகாகாம் ஆற்றங்கரை மர அறுவை மில்களில் எவனும் செய்வதையே செய்தேன். காப்பித் தூள் டப்பாவைக் காயத்தில் கவிழ்த்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தியுர்மா கட்டைப் பிரித்தார்.

"எவன்டா இதைப் பண்ணது?"

"நான்தாம்மா. ரத்தம் நிக்கட்டும்னு..."

"சக்கரைய மட்டும் ஏன் விட்ட?"

மில் மேஸ்திரி பாசிருன் சம்மதத் தாளோடு வந்தார். "மணிக்கட்டோட எடுத்துடுங்க டாக்டரம்மா. பத்து நாள்ல ஆறிடும். மில்லு அதுக்குத்தான் செலவு பண்ணும்."

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. ஜும்ரியின் முகத்தருகே குனிந்தார். "தம்பி, கட்டைவிரல் பிழைக்கலாம். மூணு ஆபரேஷன் ஆகும். தூள் உள்ள இருந்தா அழுகிடும், அதனால பிரஷ் போட்டுத் தேய்க்கணும். மரத்துப்போற ஊசி போட்டாலும் உயிர் போற மாதிரி வலிக்கும். அப்புறமும் போனாலும் போகலாம். உனக்கு என்ன வேணும்?"

"கழுவுற கையால சோறு திங்க மாட்டேன்மா. விரலைக் காப்பாத்துங்க."

"நாயே, உன்னைய எவன் கேட்டான்?" பாசிருன் ஜும்ரியின் இடது கையைப் பிடித்து முறுக்கி, மைப்பெட்டியில் அழுத்தினார். ஜும்ரி எழும்பி அவர் மூக்கில் தலையால் முட்டினான். எலும்பு நொறுங்கியது கேட்டது. பாசிருன் அவன் கழுத்தைப் பிடித்தார். இரும்புத் தட்டை எடுத்து அவர் காதோடு அறைந்தேன். விழுந்தவரை மறுபடியும் அறைந்தேன்.

"போதும்!" டாக்டர் தாளைக் கிழித்தார். "காவலாளிய கூப்பிடுங்க. இவரை வெளிய கொண்டுபோய்த் தையல் போடுங்க. நீ இங்க வா, இவனை அமுக்கிப் பிடி."

பிரஷ் சதைக்குள் போனது. கரிய நுரை வந்தது. ஜும்ரி என் தோளைக் கடித்தான். சட்டையும் தோலும் சேர்ந்து கிழிந்தன. டாக்டர் இரண்டு முறை கையை எடுத்தார். "நிறுத்தவா?"

"தேய்ங்க!" என்று காறித் துப்பினான். துப்பியதில் என் ரத்தம் இருந்தது.

அன்றே விரலை ஒட்டினார்கள். மறுநாள் எங்கள் இரண்டு பேருக்கும் மில்லில் வேலை போனது.

மூன்றாம் நாள் டாக்டர் விரல் நுனியில் ஊசியால் குத்தினார். கறுப்பாக ஒரு சொட்டு. டாக்டர் அதைப் பஞ்சால் துடைத்தார். பின்னாலேயே சிவப்பு வந்தது; விரல் உயிரோடுதான் இருந்தது.

"இன்னும் ரெண்டு ஆபரேஷன் இருக்கு. வேணாம்னா இப்பவே சொல்லிடு, தம்பி."

ஜும்ரி பல்லைக் கடித்தான். "அடுத்தது எப்பம்மா?"