கொசுறுக் காற்று

பொத்தான் கடைக்காரருக்கு எதை வாங்கினாலும் கொசுறு வேண்டும். நூல்கண்டு வாங்கினால் ஊசி, மருந்து வாங்கினால் காலண்டர். அப்படிப்பட்டவர், பெட்ரோல் பங்கில் காற்று இலவசம் என்றால் சும்மா விடுவாரா?

"பின் டயருக்கு நாப்பத்தஞ்சு போடும்மா," என்றார். பைக்கில் அவருக்குப் பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

காற்றடிக்கும் பெண் குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "அண்ணே, ரெண்டு பேர் போனாலும் முப்பத்திரண்டுதான். செயின் கவர்ல ஒட்டியிருக்கு பாருங்க."

"உங்கப்பன் வீட்டுக் காத்தா? கல்லு மாதிரி இருந்தாத்தான் வண்டி பறக்கும். போடுன்னா போடு!"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். 'கேட்டால் போட்டுத் தொலை' என்று அவர் கண்ணைக் காட்டினார். போட்டாள்.

வண்டி பறக்கத்தான் செய்தது. மழை ஈரத்தில் தெருமுனையில் திரும்பும்போது பிரேக்கை மிதித்தார்; விறைத்த டயர் தரையைப் பிடிக்காமல் வழுக்கியது. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. மனைவியோ வலது கையை ஊன்றி விழுந்தாள். தையல்காரி, பாதிக் குடும்பம் அந்தக் கையில்தான் நடக்கிறது. எக்ஸ்ரே வரும்வரை மனுஷர் ஆஸ்பத்திரி வராந்தாவை நொண்டி நொண்டியே அளந்தார். நல்லவேளை, எலும்பு தப்பியது. சுளுக்குதான், பத்து நாள் கட்டு.

போன உயிர் திரும்பியதும் கோபமும் கூடவே வந்தது. மறுநாள் காலை, பிரேக் வளைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டே பங்குக்குப் போனார். கட்டுப் போட்ட கையோடு மனைவியும் நடந்தாள்.

"நீ அடிச்ச காத்தாலதான் என் பொண்டாட்டி விழுந்தா!"

அந்தப் பெண் வாய் திறக்குமுன் மனைவி முந்தினாள். "வேணாம்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே, உங்க காதுல என்ன பஞ்சா? சட்டையில அஞ்சு ஓட்டைதான் இருக்கு. சும்மா கிடைச்சுதுன்னு ஏழு பொத்தானா தைப்பாங்க?"

அவரை மடக்க ஆள் பிறக்கவில்லை என்பது கடைத்தெருப் பேச்சு. பிறந்திருந்தது; அவரையே கட்டிக்கொண்டும் இருந்தது.

குனிந்து, செயின் கவர் அழுக்கைத் துடைத்தார். முன்னால் இருபத்தைந்து, பின்னால் இருபத்தொன்பது. இருவர் போனால் முப்பத்திரண்டு. ஆறு வருஷ வண்டியில் முதல் வாசிப்பு!

"ஓட்டாம தள்ளிட்டு வந்தீங்கல்ல, டயர் சூடாகல. இப்ப அளந்தாத்தான் சரியாக் காட்டும்," என்று காற்றடிக்கும் பெண் அதிகப்படிக் காற்றை உஸ்ஸென்று இறக்கினாள்.

பின்னாலேயே இன்னொரு வண்டி வந்து நின்றது. "எனக்கு அம்பது போடு, சீக்கிரம்!"

அவள் தயங்கினாள். மேனேஜர் வழக்கம்போலக் கண்ணைக் காட்டினார். பொத்தான் கடைக்காரர் குறுக்கே வந்தார்.

"சார், கண்ணைக் காட்டாதீங்க. அந்தப் பொண்ணைச் சொல்ல விடுங்க. தம்பி, பேரமெல்லாம் கடையோட வெச்சுக்கணும்; ரோடு பேரத்துக்குப் படியாது. வேலை தெரிஞ்சவங்க வாயை நாம அடைச்சா, அடிபடறது நம்ம வீட்டு ஆளுதான்."

வந்தவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். வண்டியை விட்டு இறங்கி, "அளவு எங்க எழுதியிருக்குக்கா?" என்று கேட்டான்.