இந்தூர் போன வாட்சு

சோலைமலை நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். போன தீபாவளி போனஸோடு கைக்காசையும் போட்டு ஒரு குரோனோகிராப் வாட்சு வாங்கினார். பெரிய வட்டத்துக்குள் மூன்று குட்டி வட்டம், பக்கவாட்டில் திருகும் குமிழுக்கு மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பொத்தான். கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவர் இன்னும் உரிக்கவில்லை. புதுசு என்பது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

கையில் கட்டி அரைமணி நேரத்துக்குள்ளேயே பெரிய விநாடி முள் அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பதறி, சிவகாசி பஜாரில் வாட்சு ரிப்பேர் பார்க்கும் சங்கிலிமுத்துவிடம் ஓடினார்.

"அண்ணாச்சி, அது நிக்கத்தான் செய்யும்" என்றார் சங்கிலிமுத்து. "எதையாச்சும் அளக்கணும்னா மேல் பொத்தானை அமுக்குங்க, ஓடும். திரும்ப அமுக்கினா நிக்கும். கீழ் பொத்தானை அமுக்கினா பழையபடி பன்னெண்டுக்கு வந்துரும். வேலை முடிஞ்சா நிப்பாட்டி வையுங்க. ஓடவிட்டுக்கிட்டே இருந்தா பேட்டரி தீந்துரும்."

"நிக்கிற முள்ளுக்கா இம்புட்டுக் காசு குடுத்தேன்?" என்று கேட்டுவிட்டு, கடை வாசலிலேயே மேல் பொத்தானை அமுக்கினார் சோலைமலை. அன்றைக்கு ஓட ஆரம்பித்த முள்தான், அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை.

மற்றபடி அவர் வாட்சைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குளிக்கும்போது கழற்றுவார். வியர்வை பட்டால் துடைப்பார். காந்தம் ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் ஸ்பீக்கர் இருக்கும் அறைப்பக்கமே போகமாட்டார்.

ஒரே ஒரு குறை. இரும்பு, செல்போன், தீப்பெட்டி, வாட்சு எதுவும் பட்டாசுக் கம்பெனிக்குள் போகக்கூடாது. எல்லாரும் கேட்டில் கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கழற்றினார்களா என்று பார்க்கிறவரே சோலைமலைதான். ஆக, அந்த வாட்சு பகலெல்லாம் கேட்டில் காவலுக்கு இருக்கும் அய்யம்மாளின் பச்சை டிரேயில், சாவிக்கொத்துகளுக்கும் கொலுசுகளுக்கும் நடுவில் கிடந்தது.

"இந்தக் குட்டி வட்டமெல்லாம் என்னத்துக்கு அய்யா?" என்று கேட்டாள் அய்யம்மாள்.

அது சோலைமலைக்கே தெரியாது. "இது டெல்லி, இது துபாய், இது லண்டன். அங்கங்க மணி என்னன்னு காட்டும்" என்றார்.

மறுநாள் அவள் விடவில்லை. "அய்யா, துபாய்ல அரைமணி நேரத்துல முள்ளு ஒரு சுத்து சுத்திருச்சே?"

"அங்க எல்லாமே வேகந்தான் தாயி. இல்லாமலா நம்மாளுக அங்க ஓடுதாக?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி செழியன் கூப்பிட்டு விட்டார். இந்தூரிலிருந்து சரக்கு வாங்க சேட் வருகிறார். திரியில் தீ வைத்ததற்கும் முதல் வாணம் கிளம்புவதற்கும் நடுவில் எத்தனை விநாடி என்று அவர் கண் முன்னால் அளந்து காட்டவேண்டும். சீக்கிரம் கிளம்பினால் தீ வைத்தவன் முகம் போகும். தாமதமானால் எரியவில்லையோ என்று குனிந்து பார்ப்பான்.

"ஆறு விநாடிக்கு முன்னப்பின்ன இருக்கணும். உங்க வாட்சுலயே அளந்துருங்க போர்மேன். ஆர்டர் கிடைச்சா, அங்க வியாபாரிக கூட்டத்துக்கு நாம ப்ளைட்ல போவோம்."

சோலைமலை ப்ளைட்டை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அன்று முதல் அவருக்கு வேறு நினைப்பில்லை. ஜன்னல் சீட்டுக் கேட்டு வாங்கவேண்டும் என்பதுவரை யோசித்து, அய்யம்மாளிடமும் சொல்லிவிட்டார்.

ட்ரயல் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு டிரேயிலிருந்து வாட்சை எடுத்துக் கொடுத்த அய்யம்மாள், "அய்யா, முள்ளு தவளை மாதிரித் தவ்வித் தவ்விப் போகுது" என்றாள்.

"சீசன் நேரம், அப்படித்தான் போகும்" என்று கட்டிக்கொண்டு போனார்.

கம்பெனிக்கு வெளியே பொட்டலில் வாணப் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். சேட் வந்து சோலைமலையின் தோளோடு தோளாக நின்றார். சோலைமலை முள்ளைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து, திரியில் தீப்பட்டதும் மேல் பொத்தானை அமுக்கினார். வாணம் சீறிக் கிளம்பியது. திரும்ப அமுக்கினார். முள் ஆறாவது விநாடியில் நின்றது. சேட் தலையாட்டினார்.

அடுத்த பெட்டி. கீழ் பொத்தானை அமுக்கினார். முள் அசையவில்லை. மேல் பொத்தானை அமுக்கினார். அதற்கும் அசையவில்லை. தேய்த்தார், தட்டினார், குலதெய்வத்தைக் கூப்பிட்டார். அதற்குள் வாணம் மேலே போய்விட்டது. சேட் எட்டிப் பார்த்தார். முள் ஆறில் இருந்தது.

"ஆறு" என்றார் சோலைமலை.

மூன்றாவதும் ஆறு. நாலாவதும் ஆறு. கடைசிப் பெட்டிவரை ஆறேதான். சேட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் என்னென்னவோ சொன்னார். கண்ணில் தண்ணீர் வராத குறை.

"நாடு பூரா சுத்தியும் இப்படி ஒரே சீரா எரியுற திரியைப் பார்த்ததில்லையாம்" என்றார் செழியன். "ஆர்டர் நமக்குத்தான். இந்த வாட்சையும் கூட்டத்துல காட்டணுமாம்."

சேட்டின் கார் கிளம்பியதும் செழியன் மெதுவாகச் சொன்னார். "நானும் தள்ளி நின்னு போன்ல அளந்தேன். அஞ்சரை, ஆறு, ஆறரை. நம்ம சரக்குல குறையில்லை. உங்க வாட்சுதான் செத்துப்போச்சு."

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டார். "ராத்திரிக்குள்ள பேட்டரி மாத்திருதேன் முதலாளி."

"மாத்தாதீக. மாத்தினா முள்ளு ஆறை விட்டு ஓட ஆரம்பிச்சிரும். கழட்டிக் குடுங்க, நான் கட்டிட்டுப் போறேன்."

"அப்ப நான்?"

"இம்புட்டுப் பெரிய ஆர்டரை வச்சுக்கிட்டு போர்மேன் இல்லாம கம்பெனி எப்படி ஓடும்?"

ஜன்னல் சீட்டு போய்விட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கோபமாகத்தான் போனார். சாப்பிட்டுப் படுத்தபோதுதான் ஒன்று உறைத்தது: கையில் வாட்சு இருந்தபோது சும்மா போர்மேனாக இருந்தவர், வாட்சு போனபிறகு, அவர் இல்லாமல் கம்பெனியே ஓடாது என்கிற போர்மேன் ஆகியிருந்தார். நிம்மதியாகத் தூங்கினார்.

இந்தூர் ப்ளைட்டுக்கு முதலாளி புறப்பட்ட அன்று காலை எட்டு மணி, ஷிப்ட் தொடங்கும் நேரம். சோலைமலை கேட்டுக்கு வந்ததும் போனில் படம் வந்தது. ப்ளைட் ஜன்னலோரம் முதலாளி, கன்னத்தில் கை, கையில் வாட்சு. சோலைமலை முதலாளியின் முகத்தை ஓரமாகத் தள்ளி, வாட்சைப் பெரிதாக்கி அய்யம்மாளிடம் நீட்டினார்.

"நம்ம வாட்சு. ப்ளைட்ல போகுது பாரு."

"ஜன்னல் சீட்டு அதுக்குக் கெடச்சிருச்சா!" என்று கூர்ந்து பார்த்தாள் அவள். "அய்யா, படம் இப்பத்தானே வந்துச்சு? இதுல மணி ஆறேகால்னுல்ல காட்டுது?"

சோலைமலை போனைப் பச்சை டிரேயில் வைத்தார். வெறுங்கையை ஒருமுறை உதறிவிட்டுக்கொண்டார்.

"அது இந்தூர் மணி தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.